பாவு தெருவுக்கு வரும் நேரம்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் சாலையில் ராஜபாளையத்தைத் தாண்டித் தெற்கே போனால் சிறிது நேரத்தில் சேத்தூர் வந்துவிடும். பழைய புலவர்கள் சேற்றூர் என்று எழுதுவார்கள். பெயரிலேயே வயல் இருக்கிறது. மேற்கே மலை, அடிவாரத்தில் கண்மாய்கள், நெல், தென்னை, மாந்தோப்பு. 2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்த்த பிள்ளைகள் மடிக்கணினியோடு இந்த மாதிரி ஊர்களுக்குத் திரும்பினார்கள். நெல் மூட்டை அடுக்கும் மாடி அறைகள் அலுவலகங்களாயின. பெரியவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு யாரிடமோ இங்கிலீஷில் பேசுவதற்குச் சம்பளமா என்று கேட்டவர்கள் உண்டு.

கேட்டவர்களில் பலர், யோசித்துப் பார்த்தால், வாழ்நாள் முழுவதும் வீட்டிலிருந்தே வேலை செய்தவர்கள். இந்த வட்டாரத்துக்கு அது புதிதே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம், அருப்புக்கோட்டைப் பக்கம் தறி வீட்டுக்குள் இருந்தது. சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டி ஒட்டும் வேலை வீட்டுக்கு வந்தது. தெற்கே புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி நெடுகிலும் பெண்கள் மடியில் சொளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றினார்கள். 'வொர்க் ஃபிரம் ஹோம்' என்ற சொல் வருவதற்கு முன்பே அந்த வாழ்க்கையின் நல்லதும் கெட்டதும் இங்கே தெரிந்திருந்தன. அப்படி இருந்தும், நேரில் கூடி வேலை செய்வதா, தள்ளியிருந்து செய்வதா என்ற விவாதம் நடக்கும்போது இந்த ஊர்களின் அனுபவத்தை யாரும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. 2020-க்கு முன் உலகில் எல்லோரும் அலுவலகத்துக்குத்தான் போனார்கள் என்பது போலவே பேச்சு தொடங்குகிறது.

பேச்சு போகிற திசையும் விசித்திரமானது. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 2020 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு செய்தது. 2025-க்குள் எந்த நேரத்திலும் ஊழியர்களில் 25 விழுக்காட்டினருக்கு மேல் அலுவலகத்தில் இருக்கத் தேவைப்படாது என்றது. 2023-இலேயே வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரும்படி ஊழியர்களை அழைத்தது. மற்ற பல நிறுவனங்கள் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று பேரம் பேசின. எல்லாக் கணக்கும் நாள்கணக்கு. எந்த வேலைக்குக் கூட வேண்டும் என்ற கேள்வி அபூர்வமாகவே வந்தது. தறிக்காரத் தெருக்கள் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கின.

கைத்தறி நெசவு தனிமையான வேலை. வீட்டுத் தரையில் தோண்டிய குழியில் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து, நாடாவை இழுத்து நெய்கிறவருக்கு அப்போது வேறு யாரும் தேவையில்லை. மனைவியோ பிள்ளையோ தார் சுற்றிக் கொடுத்தால் போதும். அந்தத் தறியில் ஏறும் பாவு, அதாவது நெடுக்கு இழைகளின் தொகுப்பு, மட்டும் அப்படித் தனியாக உருவாவதில்லை. ஒரு சேலைப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். அவற்றைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, இரு முனையிலும் முளையடித்து இழுத்துக் கட்டி, சோற்றுக் கஞ்சி பூசி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி தூரிகையால் நீவிக்கொண்டே போகவேண்டும். இழை அறுந்தால் அந்த இடத்திலேயே கண்டுபிடித்து முடிச்சுப் போடவேண்டும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி திட்டுத்திட்டாகக் காயும், காற்றடித்தால் இழை பின்னிக்கொள்ளும். ஆகவே விடியுமுன் தொடங்கி வெயில் சுள்ளென்று அடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு குடும்பத்தின் கைகள் அதற்குப் போதா.

அதனால் தெரு எழுந்து வந்தது. இன்று உன் வீட்டுப் பாவு, நாளை என் வீட்டுப் பாவு. கூலி கிடையாது, முறைதான். வராதவர் பாவுக்கு அடுத்த தடவை ஆள் வரமாட்டார்கள், அவ்வளவே தண்டனை. கஞ்சியின் பதம் சரியா என்று ஒரு கிழவர் விரலால் தொட்டுப் பார்ப்பார். இந்த நூல் எந்தக் கடையில் வாங்கியது, ஏன் இவ்வளவு அறுகிறது என்று ஒருத்தி கேட்பாள். பள்ளிக்கூடம் போகுமுன் பையன்கள் இழையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நின்ற இடத்தில் தொழில் காதில் விழுந்தது. எட்டு மணிக்குத் தெரு காலியாகிவிடும். பாவு சுருண்டு வீட்டுக்குள் போய்விடும், அதற்குப் பிறகு பல நாள் அவரவர் தறி, அவரவர் தனிமை.

இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. தறிக்காரத் தெருவில் கடனும் இருமலும் இருந்தன. சாதிக்கு வெளியே அந்த முறை நீண்டதும் இல்லை. ஆனால் வேலையை எங்கே பிரிப்பது என்பதில் அந்தத் தெருவுக்கு ஒரு தெளிவு இருந்தது. எந்தக் கட்டத்தில் பலர் கையும் கண்ணும் ஒரே நேரத்தில் வேண்டுமோ அந்தக் கட்டம் தெருவுக்கு வரும், மற்றதெல்லாம் வீட்டுக்குள் இருக்கும். திங்கள், புதன் தெருவில், மற்ற நாள் வீட்டில் என்று அங்கே யாரும் விதி போடவில்லை. பாவு முடிந்தால் கூடுவார்கள், பாவு ஓடிக்கொண்டிருந்தால் கூடமாட்டார்கள்.

சேத்தூர் வயலிலும் அதே கணக்குத்தான். நாற்றைப் பறித்து முடி கட்டிவிட்டால் வாடுவதற்குள் நட்டாக வேண்டும். தண்ணீர் முறை வருகிற நேரமும் நம் கையில் இல்லை. அதனால் நடவுக்குப் பெண்கள் கூட்டமாக இறங்குகிறார்கள். வரப்பு வெட்டவும் மடை திருப்பவும் ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வருகிறார். இந்த ஊரின் ஜமீன் புலவர்களாக இருந்த முகவூர்க் கவிராயர் குடும்பத்தாரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். செய்யுள் இயற்றுவது தனியறை வேலை, அரங்கேற்றம் சபை வேலை. சபையில் எவராவது ஒருவர் குறுக்கே கேள்வி கேட்காமல் நூல் ஏறாது. கவிஞர் தனியே இருந்தபோது கண்ணில் படாத குறையை எழுந்து நின்று கேட்கிறவர் ஒருவர் வேண்டியிருந்தது.

பிறகு ஆலை வந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் தொடங்கி, நூற்பாலைகள் இந்த வட்டாரத்தின் நேரத்தையே மாற்றின. இதுவரை மனிதர்கள் கூடியது இழைக்காகவோ நாற்றுக்காகவோ. இனி இயந்திரத்துக்காகக் கூடினார்கள். சங்கு ஊதினால் வரவேண்டும், அடுத்த சங்குக்குப் போகவேண்டும். இன்று நாம் அலுவலகம் என்று சொல்லும்போது மனத்தில் வரும் உருவம் இதன் பேரப்பிள்ளை. காகிதக் கோப்பும் தொலைபேசியும் மையக் கணினியும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் எழுத்தர்கள் அங்கே போனார்கள். கோப்பு கம்பி வழியாக வீட்டுக்கே வந்த பின்னும் சங்கு மட்டும் ஊதிக்கொண்டிருக்கிறது.

மின்மோட்டார் சிறிதாகி ஊரெங்கும் மின்சாரம் வந்ததும் எதிர்த்திசையில் ஒரு சிதறல் நடந்தது. ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டி இன்று மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். அங்கே விசைத்தறிகள் சிறுசிறு கொட்டகைகளில், சில இடங்களில் வீட்டை ஒட்டியே ஓடுகின்றன. ஆலையின் ஒரு துண்டு வீட்டுப் பக்கம் திரும்பி வந்தது போல. ஆனால் பாவு தெருவுக்கு வரவில்லை. கஞ்சி போடும் வேலையைச் சைசிங் ஆலைகள் எடுத்துக்கொண்டன. பாவு பீம் என்ற உருளையில் சுற்றப்பட்டு வண்டியில் வந்து இறங்குகிறது. உழைப்பு மிச்சம், இதில் சந்தேகமில்லை. விடியுமுன் குளிரில் நின்றவர்கள் அதற்காக அழமாட்டார்கள். கூடவே இன்னொன்றும் போயிற்று. நூலின் தரத்தையும் கூலியின் நிலவரத்தையும் ஊரே பேசிக்கொண்ட அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சைசிங் ஆலையில் இடம் இல்லை. விசைத்தறிக் கொட்டகைக்குள் இருவர் பேசினால் தறிச் சத்தத்தில் காது கேட்காது.

வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றிய ஆய்வு முடிவுகளுக்கு இப்போது வரலாம். அவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஒன்று ஷாங்காய், இன்னொன்று நம் சென்னை.

ஷாங்காயில் சீட்ரிப் என்ற பயண நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவர் குழுவும் வகுத்தபடி, 2010 இறுதியில் தொடங்கி ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தியது. வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பிய தொலைபேசி ஊழியர்களில் குலுக்கல் முறையில் ஒரு பாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள், மறு பாதி அலுவலகத்தில் இருந்தது. வீட்டுக்குப் போனவர்களின் வேலை 13 விழுக்காடு கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பெரும்பகுதி ஆதாயம், இடைவேளையும் மருத்துவ விடுப்பும் குறைந்ததால் கிடைத்த கூடுதல் நிமிடங்கள். சோதனை முடிந்து, வீடா அலுவலகமா என்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பாதிக்கு மேற்பட்டோர் இடம் மாறினார்கள். அவரவர்க்குப் பொருந்திய இடத்தில் அமர்ந்ததும் ஆதாயம் 22 விழுக்காட்டை எட்டியது. 2015-இல் வெளியான இந்தக் கட்டுரைதான் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுவேலை ஆதரவாளர்கள் கையில் வேதமாக இருந்தது.

சென்னைச் சோதனையைச் செய்தவர்கள் டேவிட் அட்கின், ஆன்டனெட் ஷோர், சுமித் ஷிண்டே என்ற மூவர். முடிவு 2023-இல் ஆய்வறிக்கையாக வந்தது. தரவு உள்ளிடும் வேலைக்கு ஆள் எடுத்து, குலுக்கல் முறையில் சிலரை வீட்டிலும் சிலரை அலுவலகத்திலும் வேலை செய்ய வைத்தார்கள். இங்கே வீட்டில் இருந்தவர்களின் வேலை அலுவலகத்தாரைவிட 18 விழுக்காடு குறைந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் நாளாக ஆக வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது.

ஒரே கேள்விக்கு ஓரிடத்தில் கூட்டல் 13, இன்னோரிடத்தில் கழித்தல் 18. இதை வைத்து இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், எடுத்தும் கொள்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது யார் அந்தச் சோதனைகளில் இருந்தார்கள் என்பது. ஷாங்காயில் வீட்டுக்குப் போகத் தகுதி பெறுவதற்கு நிறுவனத்தில் ஆறு மாதமாவது வேலை செய்திருக்கவேண்டும், நல்ல இணைய இணைப்பு வேண்டும், வீட்டில் தனக்கென்று ஓர் அறை வேண்டும். அப்போதும் வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் வந்தார்கள். அதாவது அவர்களுடைய பாவு ஏற்கெனவே தெருவில் கஞ்சி குடித்து முடித்திருந்தது. வீட்டில் நெய்ய வேண்டியதுதான் பாக்கி. சென்னையில் இருந்தவர்கள் வேலைக்குப் புதியவர்கள்.

சென்னை ஆய்வில் இன்னொரு முடிவு உண்டு. வீட்டு வேலையை விரும்பியவர்களை வேலைக்கு முன் சோதித்தபோது அவர்கள் மற்றவர்களைவிட 12 விழுக்காடு வேகம், பிழையும் குறைவு. அதே ஆட்கள் வீட்டில் உட்கார்ந்தபோது அலுவலகத்தில் செய்திருக்கக்கூடியதைவிட 27 விழுக்காடு குறைவாகச் செய்தார்கள். அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு வீட்டில் நேர்ந்த இழப்பு 13 விழுக்காடுதான். வீடு எனக்கு ஒத்துவரும் என்று கேட்டு வாங்கியவருக்கு வீடு அதிகமாகக் கெடுக்கிறது என்றால் அது முட்டாள்தனமான தேர்வா? ஆய்வாளர்கள் காரணத்தின் ஒரு பகுதியைக் குழந்தை பராமரிப்பு, வீட்டுப் பொறுப்பு, வறுமை ஆகியவற்றில் கண்டார்கள். வெளியே போக முடியாதவர்தான் வீட்டைக் கேட்கிறார். அவரை வெளியே விடாத அதே பொறுப்புகள் வீட்டில் வேலை செய்யவும் விடுவதில்லை. அடுப்பில் உலையும் தொட்டிலில் பிள்ளையுமாகப் பீடி சுற்றியவர்களுக்கு இந்த 27 விழுக்காட்டை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் இதை வைத்து வீட்டு வேலையே வேண்டாம் என்று முடிவுகட்டினால் தவறு. மேற்கு வங்கத்தில் லிசா ஹோ, சுஹானி ஜலோட்டா, அனாஹிதா கரண்டிகர் மூவரும் செய்த சோதனையில், வீட்டிலிருந்து வசதியான நேரத்தில் செய்யலாம் என்றதும், தரவு வேலையை ஏற்ற பெண்கள் 15 விழுக்காட்டிலிருந்து 48 விழுக்காடாக உயர்ந்தார்கள். அலுவலகத்தில் அதிக வேலை நடக்கும் என்பது அங்கே வந்து சேர்ந்தவர்களைப் பற்றிய கணக்கு. வாசலைத் தாண்டவே முடியாதவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

கற்றுக்கொள்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம். அமெரிக்காவின் ஒரு பெருநிறுவனத்தில் மென்பொறியாளர்கள் இரண்டு கட்டடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். சில குழுக்கள் முழுதும் ஒரே கட்டடத்தில், சில குழுக்கள் இரண்டிலும் பிரிந்து. நடந்துபோகிற தூரம்தான். நட்டாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பாலே மூவரும் அங்கே பார்த்தது இது: ஒன்றாக உட்கார்ந்த குழுக்களில் ஒருவர் எழுதிய நிரலுக்கு மற்றவர் தரும் திருத்தக் குறிப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். பெருந்தொற்றில் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது. குழுவில் ஒரே ஒருவர் தள்ளி இருந்தாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்கிடையிலான பேச்சும் குறைந்தது. எல்லோருக்கும் பொதுவாக எழுதிப்போடலாம் என்று எழுத்துக்குப் போய்விடுகிறார்கள் போலும்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. அருகில் இளையவர்கள் உட்கார்ந்தபோது மூத்த பொறியாளர்கள் எழுதிய நிரல் குறைந்தது. கற்றுக்கொடுக்கிற நேரம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? பத்திரிகை வேலையில் என் முதல் ஆண்டு எனக்கு நினைவு வருகிறது. மெய்ப்புத் திருத்தும் ஒரு பெரியவருக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. சந்திப்பிழையை அவர் வாயால் சொன்னதே இல்லை, பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். அந்தத் தட்டல் கேட்டால் நான் எழுதியதைத் திரும்பப் படிப்பேன். அவருடைய அன்றாட வேலைக்கணக்கில் அந்தத் தட்டல்கள் எந்தப் பத்தியிலும் ஏறியிருக்காது. ஏறியிருந்தால் கழித்தல் பத்தியில்தான். வீட்டிலிருந்து வேலை செய்யும் மூத்தவர்களிடம் வேலைத்திறன் கூடியிருக்கிறது என்று ஒரு நிறுவனம் மகிழும்போது, மேசை தட்டுவது நின்றுபோனதையும் சேர்த்துத்தான் அது ஆதாயமாக எழுதிக்கொள்கிறது. நட்டம் ஐந்தாறு வருடம் கழித்து, அன்று புதிதாக வந்தவர் மூத்தவராகும்போது தெரியும்.

மற்ற பெரிய ஆய்வுகளும் இந்தப் பக்கமே கைகாட்டுகின்றன. மைக்ரோசாஃப்டில் 2020 முதல் பாதியில் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தொடர்புகளை எடுத்துப் பார்த்தபோது, தம் குழுவுக்குள் பேச்சு இறுகி, வேறு குழுக்களோடு இருந்த நூல்கள் மெலிந்திருந்தன. மெலனி புரூக்ஸ், ஜொனத்தன் லெவாவ் 2022-இல் வெளியிட்ட சோதனையில், புதிய யோசனைகளைத் தேடிய இணைகளில் காணொளியில் பேசியவர்கள் நேரில் பேசியவர்களைவிடக் குறைவான யோசனைகளே சொன்னார்கள். கிடைத்த யோசனைகளில் நல்லதைப் பொறுக்கும் வேலையில் அவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. தேடுவது தெருவேலை, பொறுக்குவது வீட்டுவேலை என்று தறிக்காரர் பாஷையில் சொல்லலாம். சீட்ரிப்பின் அடுத்த சோதனை 1,612 ஊழியர்களை வைத்து 2021-22-இல் நடந்தது. வாரம் இரண்டு நாள் வீடு என்றால் வேலைத்திறன் மாறவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள் என்று அது சொன்னது. நிறுவனங்களுக்கு இது போதும். எனக்குப் போதவில்லை, ஏனென்றால் மறுபடியும் நாள்கணக்கு.

சேத்தூரிலிருந்து அதே மலையடிவாரச் சாலையில் தெற்கே போனால் தென்காசி, அதற்கப்பால் மத்தளம்பாறை. ஸ்ரீதர் வேம்பு 2019-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து குடியேறிய கிராமம். 1996-இல் வேறு பெயரில் தொடங்கி ஜோஹோ ஆன அவருடைய நிறுவனம் 2011-இலேயே தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்திருந்தது. தொலைவிலிருந்து வேலை செய்யலாம் என்பதற்கு உதாரணமாக இதைப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. கிராமத்துக்கு வந்தது அலுவலகம். அங்கே ஆட்கள் ஒரு கூரைக்கடியில் வந்து உட்கார்கிறார்கள். 2005 முதல் அந்த நிறுவனம் நடத்தும் பயிற்சிப் பள்ளியிலும், பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைத்தே மென்பொருள் கற்றுக்கொடுக்கிறார்கள். நகரத்தை விட்டுத் தள்ளிப்போவதும் ஒருவரை விட்டு ஒருவர் தள்ளிப்போவதும் வேறுவேறு. ஊரை விட்டுப் போகாமல் வேலை வேண்டும் என்று கேட்கிற பிள்ளை தனியறை கேட்கிறான் என்று பொருள் இல்லை. தெருவைத் தன் ஊருக்குக் கொண்டுவரச் சொல்கிறான்.

பீடிக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன எந்த ஆய்வும் தொடாத ஒன்று அங்கே இருக்கிறது. பீடி சுற்ற இன்னொருவர் உதவி தேவையே இல்லை. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலால் கட்டுவது ஒருவர் வேலை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு. இருந்தும் மத்தியானத்துக்கு மேல் அந்தத் தெருக்களில் போனால் நாலைந்து பெண்கள் ஒரே திண்ணையில் சொளகும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சத்துக்காக, பேச்சுத்துணைக்காக. அதோடு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வாரம் உனக்கு எவ்வளவு இலை நிறுத்துக் கொடுத்தான், தரமில்லை என்று எத்தனை கழித்தான் என்பதை அங்கேதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தனியாக இருப்பவளிடம் கழிப்பது எளிது. நாலு பேர் கணக்கு ஒரே திண்ணையில் இருந்தால் இலை கொடுக்கும் முகவர் கொஞ்சம் யோசிப்பார்.

வீட்டில் இருக்கும் தொழிலாளி தொழிலாளியே அல்ல என்ற வாதத்தை நம் சட்டம் நீண்ட காலம் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளி கொடுத்த இலையையும் தூளையும் வீட்டில் வைத்துச் சுற்றுகிறவரையும் தொழிலாளியாக ஏற்றது. உற்பத்தியாளர்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1974-இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. இலா பட் 1972-இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா அமைப்பு உட்படப் பலரின் அழுத்தத்தால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கென 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதற்கு ஒப்புதல் தரவில்லை. வீட்டு வேலையை எளிதாக்க அரசு தயங்கியதாகவும் சொல்ல முடியாது. 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை தன் விதிகளைத் தளர்த்தி, அழைப்பு மையங்களும் பி.பி.ஓ.க்களும் ஊழியர்களைத் தடையின்றி வீட்டிலிருந்து வேலை செய்ய வைக்க வழிவிட்டது. நிறுவனத்துக்கான தடைகள் அந்த ஆண்டே நீங்கின. வீட்டின் மின்கட்டணமும் நாற்காலியும் யார் செலவு என்பது அவரவர் வேலை ஒப்பந்தத்துக்கு விடப்பட்டது.

சேத்தூர்ப் பக்கம் எனக்கு உறவுமுறையில் ஒரு பையன். 2020-இல் ஊருக்கு வந்தவன், ஆறேழு வருடமாகியும் திரும்பவில்லை. நிறுவனம் பெங்களூருவில், பெயர் வேண்டாம். முதல் இரண்டு வருடம் வீட்டு மாடியில் தனியாக வேலை பார்த்தான். இப்போது ராஜபாளையத்தில் ஒரு கடைக்கு மேலே மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்திருக்கிறார்கள். மூன்று பேரும் மூன்று நிறுவனம், வேலையும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதது. வீட்டில் சும்மா கிடக்கும் அறையை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி இங்கே வந்து வாடகை கொடுப்பானேன் என்று கேட்டேன்.

"வீட்ல இருந்தா வேலை நல்லாத்தான் ஓடுது மாமா. ஆனா வெளியில என்ன சம்பளம் போகுதுன்னே தெரியாம ரெண்டு வருசம் இருந்துட்டேன். இவன் சொல்லித்தான் தெரியும்" என்று பக்கத்தில் இருந்தவனைக் காட்டினான். காட்டப்பட்டவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. மூலையில் இன்வெர்ட்டர் முனகத் தொடங்கியது. அறை வாடகையும் அந்த பேட்டரியின் விலையும் மூன்று பேரும் சமமாகப் போட்டது. இந்த மாதம் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றவேண்டியது யார் முறை என்று அவர்களுக்குள் ஒரு சிறு தகராறு நடந்துகொண்டிருந்தது.